மறு: ‘சர்ச் காயில்’ — சுருளா, தட்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் உலோகம் கண்டறியும் கருவிக்கான பகுதி பல மடல்களாக ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. தண்டின் நுனியில் பொருத்தி, நிலத்தை ஒட்டி வீசப்படும், ஆங்கிலத்தில் ‘சர்ச் காயில்’ என்று சொல்லும் அந்த வட்டமான பாகத்துக்குத் தமிழில் என்ன பெயர்? இதுவரை வந்தவை: தேடற்சுருள், தேடுசுருள், உணர்சுருள், தேடுதலை, காந்த முகர்வி. கடைசிச் சொல்லை முன்மொழிந்தவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

நான் இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் இருக்கிறேன். வாரக் கடைசியில், விவசாயிகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களில் இந்தக் கருவியோடு நடப்பவன். அந்த வட்டப் பாகத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி. ஆகவே வயலில் நின்று பேசுகிறேன்.

> காயில் என்றால் சுருள். பாடநூலில் முதன்மைச்சுருள், துணைச்சுருள் என்று படித்தவர்கள்தானே நாம்? தேடுசுருள் என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

பாடநூல் சுருளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நைலான் திருகாணியால் பூட்டியிருக்கும் அந்தப் பாகத்துக்குள் இருப்பது ஒரு சுருள் அல்ல. பெரும்பாலான கருவிகளில் இரண்டு, சிலவற்றில் மூன்று. ஒரு சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. அது மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே நாணயம் கிடந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, தன் பங்குக்கு ஒரு சிறு புலத்தை உண்டாக்கும். அதைப் பிடிப்பது இன்னொரு சுருள். அனுப்பியதோடு ஒப்பிட்டால் திரும்பி வருவது ஒன்றுமே இல்லை; தவில்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொசுவின் ரீங்காரத்தைக் கேட்கிற வேலை. ஆகவே அனுப்பும் சுருளின் புலம் பிடிக்கும் சுருளில் எதையும் தூண்டாத இடமாகப் பார்த்து இரண்டையும் பொருத்துகிறார்கள். பொருத்தியபின் எப்பாக்சி ஊற்றி அசையாமல் இறுக்குகிறார்கள். உள்ளே கம்பி சற்று நகர்ந்தாலும் சமன் போய்விடும்.

அந்தச் சமனை வரவழைக்கும் வழியில்தான் வகைகள் பிரிகின்றன. ஒன்றில், அனுப்பும் சுருள் வெளிவட்டமாகவும் பிடிக்கும் சுருள் உள்வட்டமாகவும் ஒரே மையத்தில் இருக்கும். உள்ளே விழும் புலத்தை அழிக்க எதிர்த்திசையில் சுற்றிய மூன்றாவது சுருள் ஒன்று கூடவே இருக்கும். ‘டபுள் டி’ என்று கடைக்காரர்கள் சொல்லும் மற்றொன்றில் இரண்டு அரைவட்டச் சுருள்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிக் கிடக்கும். அந்த ஏற்றத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் சமன் காண்கிறார்கள். கவிந்த பட்டைக்குள் புலம் ஒரு திசையில் பாயும். கவியாத பகுதியில் எதிர்த்திசையில் பாயும். இரண்டும் சரிக்குச் சரியாகும் இடத்தில் நிறுத்துவார்கள். மூன்றாவது வகையில் சமனே தேவையில்லை. துடிப்புத் தூண்டல் கருவிகளில் ஒரே சுருள் துடிப்பை அனுப்பிவிட்டு, அது அடங்கிய பிறகு எதிரொலியையும் தானே கேட்கும்.

இப்போது முழுப் பாகத்துக்கும் ‘சுருள்’ என்று பெயர் வைத்துவிட்டு, “ஒற்றைச் சுருள்”, “இரட்டைச் சுருள்” என்று எழுதிப் பாருங்கள். புலத்தை அழிக்கும் மூன்றாவதைக் கணக்கில் விட்டால் ஒரே மையமுடைய வகையும் இரட்டைதான், ‘டபுள் டி’யும் இரட்டைதான். “தேடுசுருளின் இரண்டாம் சுருளில் மூன்றாம் சுருளின் புலம்” என்ற வாக்கியத்தை எந்த மாணவன் விளங்கிக்கொள்வான்? கம்பிச்சுற்றுக்குச் சுருள், அதை அடக்கிய பாகத்துக்குத் தட்டு. இதுதான் என் வாதம்.

சமன் பற்றி ஒன்று. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் எடுத்துச்சென்ற கருவிக்குப் பெயரே ‘தூண்டல் சமன்’. குண்டு அகப்படவில்லை, படுக்கையில் எஃகுக் கம்பிகள் இருந்தது பிறகு தெரியவந்தது. ஆகவே ‘சமன்’ என்பதை நிலச்சமனுக்கு (மண்ணே எழுப்பும் குறிப்பொலியைக் கருவி பொருட்படுத்தாதபடி சரிசெய்வதற்கு) மட்டும் எழுதிக்கொடுத்துவிட வேண்டாம். தூண்டல் சமனுக்கும் அது வேண்டும்.

> அளவை மட்டும் சொன்னால் போதாதா? 6 அங்குலம், 11 அங்குலம் என்று. வகைப்பெயர் எதற்கு?

போதாது. இங்கே ஒரு வயலில் பழைய கட்டடம் இருந்து அழிந்த இடம் உண்டு. மண்ணில் கைவைத்தால் துருப்பிடித்த ஆணி. 11 அங்குலத் தட்டோடு அந்த மூலைக்குள் நுழைந்தால் இரும்புக்கான கரகரத்த தாழ்சுரம் மட்டும் இடைவிடாமல் கேட்கும். ஓர் ஆணியை விட்டு விலகுவதற்குள் அடுத்த ஆணி தட்டுக்கு அடியில் வந்துவிடும். 6 அங்குலத் தட்டை மாட்டி, அதே வரியில் மெதுவாக வீசினால், இரண்டு கரகரப்புகளுக்கு நடுவே ஒரு துண்டு உயர்சுரம் எட்டிப்பார்க்கும். ஒரு பக்கமிருந்து வீசும்போது கேட்கும், மறுபக்கமிருந்து கேட்காது. அங்கேதான் முழங்காலிட வேண்டும். 1662க்கு முன்பு கையால் அடித்த வெள்ளிக் காசுகள், நகத்தைவிடச் சற்றே கனமானவை, இப்படித்தான் வெளியே வருகின்றன.

பெரிய தட்டு போட்டால் ஆழம் கூடும் என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. தட்டின் அளவைத் தாண்டித் தொலைவு கூடினால், அனுப்பும் புலம் தொலைவின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது; நாணயத்திலிருந்து திரும்பி வருவதும் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. இரண்டும் சேர்ந்து ஆறாம் அடுக்கு. தொலைவு இரு மடங்கானால் குறிப்பொலி 64இல் ஒரு பங்கு. ஆகவே தட்டை இரு மடங்காக்கினால் ஆழமும் இரு மடங்காகும் என்று எண்ணிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். மேலும், பெரிய தட்டில் புலம் அகலப் பரவுவதால் சின்னஞ்சிறு காசுகள் அருகில் இருந்தாலும் மங்கிவிடும். ஆணி இல்லாத திறந்த புல்வெளிக்குப் பெரியது. அழிந்த வீட்டு மனைக்குச் சிறியது.

இனி வகை. ஒரே மையமுடைய தட்டின் புலம் கூம்புபோல் கீழே குறுகும். ஆழத்தில் எதையும் விடாமல் பார்க்க வீச்சின் மேல் வீச்சு ஏற்றி நடக்கவேண்டும். ஆனால் பொருள் எங்கே என்று குறிப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. மையத்துக்கு நேர் கீழே இருக்கும். ‘டபுள் டி’யின் கூர்மை முன்னிருந்து பின்வரை ஓடும் ஒரு மெல்லிய பட்டையில் இருக்கிறது. நிலப்பரப்பைச் சீராக மூடும், தாதுப்பொருள் மிகுந்த மண்ணிலும் அலறாது. அதில் இடம் குறிக்கும் தந்திரம் வேறு: தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வந்து, ஒலி நிற்கும் கணத்தில் தட்டின் மூக்குக்கு எதிரே தோண்டவேண்டும். 6 அங்குலம் என்று மட்டும் எழுதினால் இதெல்லாம் தெரியாது.

‘டபுள் டி’யை ‘இரட்டை டி’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடு இல்லை. நம் ‘டி’ எழுத்துக்கு அந்த வயிறு இல்லை; ஆங்கில எழுத்து தெரியாதவருக்கு அது எந்த வடிவத்தையும் காட்டாது. ‘கவிசுருள்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். உடனே இன்னொருவர் “வெண்பாவா, விருத்தமா?” என்று கேட்டார். என் முன்மொழிவு: அரைநிலாத் தட்டு. ‘6 அங்குல அரைநிலா’ என்று வாயில் வருகிறது, படமும் தெரிகிறது. பிறை என்று சொல்ல வேண்டாம், பிறை மெலிந்தது.

அனுப்புவதற்கு ஏவுசுருள், பிடிப்பதற்கு வாங்குசுருள், அழிப்பதற்கு எதிர்ச்சுருள். ஒலிவாங்கி என்று சொல்லிப் பழகிய நமக்கு வாங்குசுருள் அந்நியமாக இருக்காது. தட்டுக்கு முன்னால் ‘தேடு’ போடுவதா, ‘துழாவு’ போடுவதா என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

—

வணக்கம் அண்ணா,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். தட்டு எனக்குச் சம்மதம். ‘தேடுதலை’ கூடவே கூடாது. முதற்காரணம், “தேடுதலைக் கழற்றினேன்” என்று எழுதினால் தேடுதல் என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமை என்றுதான் வாசிப்பார்கள். இரண்டாவது காரணம் எங்களுடையது. எங்கள் ஊர்ப் பக்கம் தேடுதல் என்றால் சுற்றிவளைப்பு என்றுதான் விளங்கும். ஊரை வளைத்து, ஆட்களை வெளியில் நிறுத்தி, வீடு வீடாகப் போவார்களே, அது.

இந்தக் கருவியைப் பொழுதுபோக்காக நாங்கள் பார்த்ததில்லை. முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலையில் என் தங்கை நின்றவள். பிளாஸ்டிக் உறை போட்ட மிதிவெடிக்குள் உலோகம் என்று இருப்பது ஊசியளவு. அங்கே கருவியைச் சுழற்றி வீசுவதில்லை. முழங்காலில் இருந்து, குறித்த பாதைக்குள், அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். வீசுவதற்கும் நகர்த்துவதற்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் ‘துழாவு’தான் பொருந்தும். என் வாக்கு துழாவுதட்டுக்கு.

‘ஒரே மையமுடைய’ என்பதற்குப் ‘பொதுமைய’ என்று தமிழ்நாட்டுப் பாடநூலிலும் ‘ஒருமைய’ என்று எங்கள் பாடநூலிலும் இருக்கிறது. இரண்டையும் பதிவில் போடுங்கள். இதற்கு ஒரு சண்டை வேண்டாம்.

—

ஐயா, இலக்கணக் குறிப்பு மட்டும். துழாவுதட்டு வினைத்தொகை. துழாவிய, துழாவுகின்ற, துழாவும் என்று மூன்று காலத்துக்கும் இடம் தரும், வல்லினம் மிகாது. ஏவுசுருள், வாங்குசுருள் இரண்டும் அவ்வாறே. அரைநிலாத் தட்டில் மிகும். எதிர்ச்சுருளும் சரி. ஆனால் ஒரு கேள்வி: குழாய்களை இணைத்துச் சதுரச் சட்டமாகச் செய்யும் பெரிய அமைப்புகளைப் படத்தில் பார்த்தேன். நடுவில் வெறும் காற்று. அதையும் தட்டு என்பீர்களா?

—

அன்புள்ள ஐயா, அன்புள்ள கிளிநொச்சித் தங்கைக்கு,

சட்டத்தைச் சட்டம் என்றே எழுதலாம்: துழாவுசட்டம். ஆழத்தில் புதைந்த பெரிய பொருள்களுக்கானது அது. சிறு காசைக் காட்டாது. நடுவில் ஆரக்கால் மட்டும் உள்ள, புல்லுக்குள் நுழையும் திறந்த தட்டுகள் தட்டாகவே இருக்கட்டும். கையில் பிடித்தால் தட்டுதான்.

கிளிநொச்சி மடலுக்குப் பிறகு ‘தேடு’வை நான் கேட்கப்போவதில்லை. துழாவுதட்டு என்று பதிவிடுகிறேன்.

பயன்பாட்டுக் குறிப்பில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். முதலாவது, தட்டு மாற்றும்போது கம்பிவடத்தைத் தண்டில் நெருக்கிச் சுற்றவேண்டும். தட்டின்மேல் தொளதொளவென்று ஒரு வளையம் தொங்கினால், ஒவ்வொரு வீச்சிலும் அது அசைந்து, இல்லாத காசுக்கெல்லாம் கருவி கூவும். தட்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே புகும் மண்ணும் இதே தொல்லையைத் தரும். மாதத்துக்கு ஒருமுறையாவது உறையைக் கழற்றித் தட்டவேண்டும். திருகாணி தொலைந்துபோனால் இரும்புத் திருகாணி போட்டுச் சமாளிக்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது சட்டம் பற்றியது, துழாவுசட்டம் அல்ல. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்க பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். ஆம், மரண விசாரணை அதிகாரிக்குத்தான். புதையலும் பிணமும் இங்கே ஒரே மேசைக்குப் போகின்றன. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்தினாலே குற்றம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது: மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். நம் பட்டியலைப் படித்துவிட்டு யாராவது கோயில் நிலத்தில் இறங்கிவிடக் கூடாது.

பொருள் கிடக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பதைச் சொல்லும் ‘பின்பாயின்ட்’டுக்கு ‘இடங்குறி’ என்று வைத்திருக்கிறேன். வினையாகவும் பெயராகவும் நிற்கிறதா என்று ஐயா பார்த்துச் சொல்லவேண்டும். நிலச்சமனைத் தனி இழையில் தொடங்குகிறேன். அதில் மண்ணின் உப்பு, கடற்கரை எல்லாம் வரும், நீளும். தட்டின் உறைக்கு ‘உறை’ போதும். அதற்கு யாரும் புதுச்சொல் அனுப்ப வேண்டாம்.