திடமா, திரவமா என்று குழம்ப வைத்த பொருள் எது? அனுபவத்தைப் பகிருங்கள்

பைலிங்_சைட்:
பென்டோனைட்தான், அஸ்திவாரத் தூணுக்குத் (பைல்) தோண்டும் துளை சரியாமல் இருக்கத் தண்ணீரில் கரைத்து நிரப்பும் களிமண் தூள். அந்தக் குழம்பு இரவு முழுக்க டேங்கில் கிடந்தால் தளதளவென்று கட்டிவிடும். காலையில் வால்வைத் திறந்தால் சொட்டு வராது. ஹோஸை நாலு தட்டு தட்டினால் கொழகொழவென்று ஓடும். களிமண் தகட்டின் ஓரத்தில் ஒரு மின்னூட்டம், முகத்தில் வேறொன்று. அசையாமல் நின்றால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், கலக்கினால் பிடி விட்டுவிடும். 1000 லிட்டர் தண்ணீருக்கு 40–60 கிலோ தூள், 12 மணி நேரமாவது ஊற வேண்டும். குழம்பு எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்க்கும் புனலான மார்ஷ் கூம்பில் 946 மி.லி. தண்ணீர் இறங்க 26 வினாடி, குழம்புக்கு 30–60. உப்புத் தண்ணீரில் கரைத்தால் தூள் ஊறிப் பருக்காது, அடியில் படிந்துவிடும்.

லேப்_மேடை:
கார்ன் ஃப்ளோர் இதற்கு நேரெதிர், கலக்கினால்தான் இறுகும். கப் அளவில் இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு தண்ணீர். கரண்டியைச் சட்டென்று இழுத்தால் கிண்ணமே கூட வரும். மெதுவாக இழுத்தால் கழன்றுவிடும். வேகமாக அழுத்தும்போது மாவுத் துகள்களுக்கு நடுவே இருக்கும் நீர்ப்படலம் விலகி, துகளோடு துகள் உரசிப் பூட்டிக்கொள்கிறது. மைதாவில் வராது, பசையாகிவிடும். மிக்சியில் போடாதீர்கள், மோட்டார் திணறும். அடியிலிருந்து கையால் கிளறினால் போதும். மிச்சத்தை சிங்க்கில் ஊற்றக் கூடாது, குழாய் வளைவில் கட்டியாகப் படியும். கண்ணாடியும் இந்தக் கணக்கில்தான் வரும், பழைய தேவாலய ஜன்னல்களில் அடிப்பக்கம் வழிந்து தடித்திருக்குமே.

தார்_டிரம்:
கண்ணாடிக் கதையை விடுங்கள். அந்தக் காலத்தில் கண்ணாடியைச் சுழற்றித் தட்டையாக்குவார்கள், ஒரே தடிமனில் வராது. அறை வெப்பத்தில் ஜன்னல் கண்ணாடி வழிய எத்தனை நூற்றாண்டும் போதாது. நிஜமாகவே வழிவது கீல், தார் மாதிரியான கறுப்புப் பொருள். சுத்தியலால் அடித்தால் சில்லுசில்லாக உடையும். ஆனால் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் பேராசிரியர் பார்னெல் புனலில் ஊற்றி, 1930இல் அடியை வெட்டிவிட்ட கீலில் ஒன்பதாவது சொட்டு விழுந்தது 2014இல்தான்!

ரோடு வேலைத் தாரும் இந்த ஜாதிதான். விஜி-30 என்ற ரகத் தார் இளகத் தொடங்கும் புள்ளி 47 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: டிரம்மை அடியில் மட்டும் சூடாக்காதீர்கள். அடித்தார் உருகி விரியும், மேல்தார் மூடிபோல இறுகியே நிற்கும், கடைசியில் பீறிட்டு அடிக்கும். பக்கவாட்டில், மேலிருந்து கீழாகச் சூடேற்றுங்கள். டிரம்மில் மழைத்தண்ணீர் இருந்தால் 100 டிகிரியைத் தாண்டும்போது நுரைத்துப் பொங்கும். முதலில் தண்ணீரை வடியுங்கள், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

மண்_ஆய்வு:
பைலிங்_சைட் சொன்ன மார்ஷ் கூம்பு ஓடுகிற குழம்பை மட்டும்தான் அளக்கும். நின்றால் எவ்வளவு இறுகும் என்று அதில் தெரியாது. அதற்குச் சுழல் விஸ்காமீட்டரில் (குழம்பின் பிசுக்கை அளக்கும் கருவி) 10 வினாடி, 10 நிமிடம் அசையாமல் வைத்த பிறகு என இரண்டு ஜெல் அளவு எடுக்க வேண்டும். இரண்டாவது எகிறினால் சிமென்ட் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, பிஎச் பாருங்கள். பைல் துளைக்குள் கம்பிக்கூடு இறக்கிவிட்டு கான்கிரீட் வண்டிக்காகக் காத்திருந்தால், டிரெமியில் (துளையின் அடிவரை கான்கிரீட்டை இறக்கும் குழாய்) ஊற்றும் முன் துளையை மறுபடி ஃப்ளஷ் பண்ணியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இறுகின ஜெல்லும் மணலும் கம்பியை விட்டு நகராது.