பிக்கப் பெட்டியின் பக்கச் சுவரில் ரெயில்: மெல்லிய தகட்டில் ரிவெட் நட் தாங்குமா?

நாலுசக்கரம்:
வணக்கம். என் பிக்கப் வண்டியின் பின்பெட்டி உள்நீளம் 1,500 மி.மீ. கம்பெனி கொடுத்த கொக்கிகள் தரையோரமாக நாலு மூலையில் மட்டும்தான் இருக்கு. நடுவில் வைக்கிற எதையும் ஒழுங்காகக் கட்ட முடியவில்லை. இரண்டு பக்கமும் 41 × 21 மி.மீ. துத்தநாகப் பூச்சு ஸ்ட்ரட் சேனலை (ஒரு பக்கம் நீளவாக்கில் திறந்த இரும்புச் சட்டம்) 1,450 மி.மீ. நீளத்துக்கு வெட்டி ரெயிலாக மாட்டலாம் என்று யோசனை. ஏற்றுவது பெட்டிகள், ஏணி, ஜெனரேட்டர், எப்போதாவது 150 கிலோ பைக். உள்தகட்டை விரலால் அழுத்தினாலே குழிகிறது, பின்னால் கை நுழைய இடமில்லை. எம்8 (8 மி.மீ. மரை) ரிவெட் நட், அதாவது முன்பக்கமிருந்தே தகட்டில் நசுக்கிப் பொருத்தும் நட், போதுமா? எத்தனை போட வேண்டும்? துளையில் துரு வராமல் இருக்க என்ன செய்வது?

பட்டறைக்காரன்:
பெட்டிக்கும் ஏணிக்கும் தாராளமாகப் போதும். பைக் வேறு கதை.

ரெயிலை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி பலம் இருக்கு. சுவரின் நடுப்பகுதி வெறும் தகடு. மேல்விளிம்புக்கு ஒட்டிக் கீழே, தகடு மடிந்து வரும் இடத்தில் வையுங்கள். அங்கே விரலால் அழுத்திப் பாருங்கள், அசையாது. பல வண்டிகளில் அந்த வரிசையிலேயே ரப்பர் மூடி போட்ட துளைகள் இருக்கும். உள்ளே மரை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், புதுத் துளை மிச்சம்.

ரெயில் ஒன்றுக்கு 5 போல்ட். இரு முனையிலும் 50 மி.மீ. விட்டால் இடைவெளி சுமார் 340 மி.மீ. வரும்.

துளை போடும் முன்பு டெயில் லேம்ப்பைக் கழற்றி, டார்ச் அடித்துச் சுவருக்குள்ளே பாருங்கள். லேம்ப் வயர் அந்த வழியாகத்தான் ஓடும், ஒரு பக்கத்தில் டீசல் ஊற்றும் குழாயும் இருக்கும். பிறகு சென்டர் பஞ்ச், 3 மி.மீ. பிட், அதன் மேல் ஸ்டெப் பிட் (படிப்படியாகப் பருமன் கூடும் பிட்). எம்8 ரிவெட் நட்டுக்குப் பொதுவாக 11 மி.மீ. துளை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத்தான் நம்ப வேண்டும். பிட் சடக்கென்று உள்ளே போய் வெளித்தகட்டில் மொட்டு போட்டுவிடும். 3 மி.மீ. பிட்டின் மேல் ஒரு துண்டு பிவிசி குழாயை நுழைத்து, முனை 10 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வையுங்கள். ஸ்டெப் பிட்டை 11 மி.மீ. படி வந்ததும் நிறுத்த அதில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

போல்ட் தலை சேனலுக்குள்ளே உட்காரும். அறுகோணத் தலை வைத்தால் ஸ்ட்ரட் நட்டு (வளையத்தைப் பிடிக்கச் சேனலுக்குள் நகரும் நட்டு) அதன் மேல் இடித்து நின்றுவிடும். தட்டையான பட்டன் தலை போல்ட் வாங்குங்கள்.

தகடும்_மரையும்:
மேலே சொன்னது சரி. ரிவெட் நட் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

வாங்கும்போது மரை அளவை மட்டும் பார்க்காதீர்கள், எந்தத் தடிமன் தகட்டைக் கவ்வும் என்பதையும் பாருங்கள். உள்தகடு பெரும்பாலும் 1 மி.மீ.க்குப் பக்கத்தில்தான் இருக்கும். தடித்த தகட்டுக்கான நட்டைப் போட்டால் அது முழுசாக நசுங்காது; வெளியே இறுகின மாதிரி தெரியும், போல்ட்டை முடுக்கும்போது கூடவே சுற்றும். ஸ்டீல் நட், உடம்பில் வரிவரியாகக் கோடு போட்டது எடுங்கள். அலுமினியம் வேண்டாம். 8.8 தர எம்8 போல்ட்டுக்கு வழக்கமான 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு இங்கே கூடாது. நட்டுக்குக் கொடுத்த எண்ணோடு நிறுத்துங்கள், இம்பாக்ட் கன்னைத் தொடவே வேண்டாம்.

இதைவிடப் பலமான வழியும் இருக்கு. 30 × 3 மி.மீ. பட்டைக் கம்பியில் ரெயிலின் துளைகளுக்கு நேராக எம்8 நட்டுகளை வெல்ட் வைத்து, டெயில் லேம்ப் ஓட்டை வழியாகச் சுவருக்குள் தள்ளுங்கள். முதல் துளையிலும் கடைசித் துளையிலும் மெல்லிய கம்பியை விட்டு, பட்டையைத் தகட்டோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருகலாம். இழுவிசை பட்டை முழுக்கப் பரவும், நட்டு பிய்ந்து வர வழியே இல்லை. நடுவில் சட்டம் குறுக்கே நின்றால் பட்டையை இரண்டு துண்டாக்கி, முன்துண்டை வீல் ஆர்ச் லைனரை (சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறை) கழற்றி அந்த வழியாக விடலாம். இந்த முறையில் துளை 9 மி.மீ. போதும்.

நாலுசக்கரம்:
பட்டை யோசனை நல்லா இருக்கு. முன்பகுதியில் சட்டம் இருப்பதால் அங்கே ரிவெட் நட்தான். ஒன்று சுற்ற ஆரம்பித்தால் எப்படி எடுப்பது? பைக்குக்கு என்ன வழி?

தகடும்_மரையும்:
நட்டின் விளிம்பைப் பிளையரால் கவ்விக்கொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். பிடி கிடைக்காவிட்டால் விளிம்பில் அரத்தால் இரண்டு வெட்டு போட்டுப் பிடிக்கலாம். பிறகு விளிம்பை டிரில்லில் தின்ன விட்டால் மிச்சம் சுவருக்குள் விழும். காந்தத்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கடகடக்கும். அதே துளையில் இன்னொரு எம்8 நிற்காது. 13 மி.மீ. ஆக்கி எம்10 போடுங்கள்.

கட்டுக்கயிறு:
பைக்குக்குத் தரை ரெயில்தான். கணக்கைப் பாருங்கள். ரெயில் 400 மி.மீ. உயரத்தில், பைக்கில் பெல்ட் மாட்டும் இடம் 800-இல், குறுக்கே தூரம் 600 என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் 34 பாகைதான் சாயும். 100 கிலோ இழுவையில் கீழ்நோக்கி அமுக்குவது 56 கிலோ, சுவரை உள்பக்கம் இழுப்பது 83 கிலோ. தரையில் கட்டினால் 53 பாகை, அமுக்குவது 80 கிலோ. பக்க இழுவை 60 கிலோவாகக் குறைகிறது, அதுவும் போல்ட்டுக்குக் குறுக்காகத்தான் வருகிறது.

இஎன் 12195 என்ற ஐரோப்பியத் தரம், சரக்கு எடையில் 0.8 பங்கு விசை முன்னோக்கியும், 0.5 பங்கு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் வரும் என்று வைத்தே கட்டச் சொல்கிறது. 150 கிலோ பைக்கில் முன்னோக்கி மட்டும் 120 கிலோ. முன்சக்கரத்தைப் பெட்டியின் முன்சுவரில் முட்ட வைத்தால் அதில் பெரும்பகுதியைச் சுவரே வாங்கிக்கொள்ளும். ரெயில் வளையத்தில் பொறித்திருக்கும் கிலோ எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். அது வளையத்துக்கு, உங்கள் தகட்டுக்கு இல்லை.

தரைத் துளைக்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: டேங்க், பிரேக் பைப், சைலன்சர். தரையைத் துளைத்து அடிவரை போகும் ஊடு போல்ட் போட்டு அடியில் 50 × 50 × 3 மி.மீ. தகடு, நைலாக் நட்டு (அதிர்வில் கழலாத நைலான் வளைய நட்டு). தரையின் மேடுகளில் ரெயில் உட்காரும், போல்ட் வரும் இடம் பள்ளமாக இருந்தால் அங்கே கெட்டியான அடை கொடுங்கள். வெறுமனே முடுக்கினால் தரை வளைந்து, நாலு நாளில் போல்ட் லூசாகும். பிளாஸ்டிக் லைனரின் மேலேயே முடுக்கினாலும் இதே கதைதான்.

பட்டறைக்காரன்:
துரு பாக்கி இருக்கு. துளைப் பிசிறை எடுத்து, துத்தநாகப் பிரைமர், அது காய்ந்ததும் பெயின்ட், பிறகுதான் நட்டு. ரெயிலுக்கு அடியில் போல்ட்டைச் சுற்றி பாலியூரித்தேன் சீலன்ட். வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் வேண்டாம், அதன் அமிலமே இரும்பைத் தின்னும். சேனலை வெட்டிய முனையில் பூச்சு போயிருக்கும், அங்கேயும் பிரைமர், மேலே பிளாஸ்டிக் மூடி. கூரான முனை பெல்ட்டை அறுத்துவிடும்.

முக்கியமாக, டிரில் தூளை வேக்யூம் போட்டு எடுங்கள். மடிப்பில் தங்கும் தூள் ஒரே மழையில் பெயின்ட் மேல் செம்புள்ளியாகிவிடும். 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.