பழைய ஐபாட் கிளாசிக்கில் மட்டுமே உள்ள குடும்பப் பதிவுகள்: புதிய கணினியில் இணைத்தால் அழிக்கட்டுமா என்று கேட்கிறது

தேவகோட்டை வளவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 160 ஜிபி கொள்ளளவுள்ள ஐபாட் கிளாசிக் ஒன்று இருக்கிறது. 2009-இல் வெளிவந்த வகை. அதில் திரைப்பாடல்கள் நிறைய இருந்தாலும் அவற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டுகளும், பிள்ளையார் நோன்பன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து பாடியவையும், ஐயா பழனிக்குக் காவடியுடன் நடந்து சென்றபோது வழிநெடுகப் பாடிய பாடல்களும் அதில்தான் உள்ளன. ஒலிநாடாக்களில் இருந்த இவற்றை அப்பச்சி கணினிக்கு மாற்றி, ஐடியூன்ஸ் வழியாக ஐபாடில் ஏற்றி வைத்தார். அந்தக் கணினியின் வன்தட்டு பிறகு முற்றிலும் பழுதாகிவிட்டது. வேறு எங்கும் படி எடுத்து வைக்கவில்லை.

இப்போது விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி ஒன்று வாங்கி, ஐடியூன்ஸ், ஆப்பிள் மியூசிக், ஆப்பிள் டிவைசஸ் ஆகிய மூன்றையும் நிறுவியிருக்கிறேன். ஐடியூன்ஸைத் திறந்தால் பாடல்களுக்கான பகுதியே காணப்படவில்லை; பாட்காஸ்ட்டும் ஒலிநூலும் மட்டும் தெரிகின்றன. ஆப்பிள் டிவைசஸ் செயலியோ, இந்த ஐபாட் வேறொரு நூலகத்துடன் ஒத்திசைக்கப்பட்டது, இதில் உள்ளவற்றை அழித்துவிட்டு இந்தக் கணினியுடன் ஒத்திசைக்கலாமா என்று கேட்கிறது. அஞ்சி, ரத்து செய்துவிட்டேன். இவை போதாதென்று, சில பதிவுகள் பாதியில் நின்று அடுத்த பாடலுக்குத் தாவுகின்றன. அப்போது கருவியைக் காதருகே வைத்தால் உள்ளே மெல்லிய ‘டிக் டிக்’ ஓசை கேட்கிறது. கணினியுடன் இணைத்திருக்கும்போதும் தொடர்பு இடையிடையே அறுந்துபோகிறது. எதை முதலில் சரிசெய்ய வேண்டும், பதிவுகளை இழக்காமல் வெளியே எடுக்க வழியுண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

காரைக்குடி கணினிப்பட்டறை

ரத்து செய்தீர்களே, அதுவே உங்கள் பதிவுகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஒத்திசைவு என்பதைப் பலர் இரு பக்கமும் பரிமாறிக்கொள்ளும் வேலை என்று நினைக்கிறார்கள். ஐபாடைப் பொறுத்தவரை அது ஒருவழிப் பாதை. கணினியில் உள்ள நூலகம்தான் பேரேடு, ஐபாட் வெறும் கிட்டங்கி. பேரேட்டில் பதிவாகாத சரக்கு கிட்டங்கியில் இருந்தால் அதை அப்புறப்படுத்திவிட்டுத்தான் மென்பொருள் அடுத்த வேலையைப் பார்க்கும். உங்கள் புதிய மடிக்கணினியின் நூலகம் காலியாக இருப்பதால், சம்மதம் கொடுத்த மறுகணம் அப்பத்தாவின் குரல் உட்பட அனைத்தும் போயிருக்கும்.

நீங்கள் கேட்ட மூன்றில், ‘டிக் டிக்’ ஓசையே அவசரமானது. ஐபாட் கிளாசிக்கின் உள்ளே இருப்பது 1.8 அங்குல வன்தட்டு. சுழலும் தட்டும் அதன்மேல் நகரும் படிப்புமுனையும் கொண்டது. ஒரு பகுதியைப் படிக்க முடியாமல் முனை மீண்டும் மீண்டும் முயலும்போது அந்த ஓசை எழும், பாடலும் தாவும். ஆகவே இந்தக் கணம் முதல் அதில் பாட்டுக் கேட்பதை நிறுத்திவிடுங்கள். தட்டு இன்னும் எவ்வளவு நேரம் உழைக்குமோ அந்த நேரம் முழுவதும் படியெடுப்பதற்கே செலவாக வேண்டும்.

படியெடுக்க ஐடியூன்ஸும் தேவையில்லை, ஆப்பிள் டிவைசஸும் தேவையில்லை. இரண்டையும் மூடிவிட்டு, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் ஐடியூன்ஸ் ஹெல்பர் இருந்தால் அதையும் முடக்குங்கள். கருவியைச் செருகியவுடன் ஐடியூன்ஸைத் தானாகத் திறப்பது அதுதான். பிறகு ஐபாடை டிஸ்க் மோடில் வையுங்கள். மேலே உள்ள ஹோல்டு விசையை ஒருமுறை பூட்டித் திறந்துவிட்டு, மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் ஆப்பிள் சின்னம் தோன்றும்வரை சேர்த்து அழுத்துங்கள். சின்னம் தோன்றியவுடன் அவற்றை விட்டுவிட்டு, நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தால் திரையில் டிஸ்க் மோட் என்று வரும். இவ்வாறு செய்வதால் பாடல்கள் அழியா, பயப்பட வேண்டாம். இப்போது இணைத்தால் ஐபாட் ஒரு பென்டிரைவ் போலத் தெரியும்.

அதைத் திறந்தால் பாடல்கள் கண்ணில் படா. ஐபாட்_கன்ட்ரோல் என்ற கோப்புறை மறைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் வியூ பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்தால் வெளிப்படும். அதற்குள் மியூசிக் என்ற கோப்புறையும், அதனுள் எஃப்00, எஃப்01 என்று தொடரும் கோப்புறைகளும், ஒவ்வொன்றிலும் பொருளற்ற நான்கு எழுத்துப் பெயர் கொண்ட கோப்புகளும் இருக்கும். கோப்பின் பெயர் மாறியிருந்தாலும் எம்பி3, ஏஏசி கோப்புகளின் உள்ளேயே பாடலின் பெயர் எழுதப்பட்டிருப்பதால், பின்னர் நூலகத்தில் சேர்க்கும்போது அது திரும்பி வந்துவிடும். மியூசிக் கோப்புறையை மட்டும் எடுக்காமல் ஐபாட்_கன்ட்ரோல் முழுவதையும் எடுங்கள். பாடல் வரிசைகளும் மதிப்பீடுகளும் அதற்குள் இருக்கும் ஐடியூன்ஸ்டிபி என்ற தனிக் கோப்பில்தான் உள்ளன.

வழக்கமான காப்பி, பேஸ்ட் முறையில் ஒரு கோப்பு படிக்க முடியாமல் போனால் வேலை அங்கேயே நின்றுவிடும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற படியெடுக்கும் கட்டளையைப் பயன்படுத்துவது மேல். ஆனால் அதன் இயல்பான அமைப்பில், படிக்க முடியாத ஒரு கோப்பை 30 நொடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயலும். பழுதான தட்டுக்கு அது எமன். மறுமுயற்சி எண்ணிக்கையை 1 என்றும், காத்திருக்கும் நேரத்தை 1 நொடி என்றும் குறைத்து, தவறிய கோப்புகளின் பட்டியலை ஒரு பதிவுக் கோப்பில் எழுதும்படி ஆணையிடுங்கள்.

கடைசியாக மூன்று எச்சரிக்கைகள். வட்டில் சிக்கல் உள்ளது, ஸ்கேன் செய்து சரிசெய்யலாமா என்று விண்டோஸ் கேட்கும். ஃபார்மட் செய்ய வேண்டும் என்றும் கேட்கலாம். ஐடியூன்ஸ் தற்செயலாகத் திறந்துகொண்டால் ரீஸ்டோர் செய்யச் சொல்லலாம். மூன்றுக்கும் மறுப்பையே பதிலாகக் கொடுங்கள். ஸ்கேன் தீங்கற்றதாகத் தோன்றும். ஆனால் அது தட்டில் எழுதும் வேலை, படியெடுத்த பிறகே அதைப் பற்றி யோசிக்கலாம்.

கண்டனூரான்

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். தொடர்பு அறுந்துபோவதைப் பற்றி மட்டும் நான் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் படியெடுக்கும் நடுவில் அது நிகழ்ந்தால் எல்லாம் வீணாகும்.

வன்தட்டு சுழலத் தொடங்கும்போது கருவி அதிக மின்சாரம் இழுக்கும். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். தனி மின்னிணைப்பு இல்லாத ஹப் வழியாகச் செருகினால் அதுவே பலருக்கும் பங்காகி, ஐபாட் துண்டிக்கப்படும். மடிக்கணினியின் துளையில் நேரடியாகச் செருகுங்கள். மடிக்கணினியில் டைப்-சி துளைகள் மட்டுமே இருந்தால் ஒரு நல்ல மாற்றியைப் பயன்படுத்தலாம். மலிவான நீண்ட கம்பிகளைத் தவிர்த்துவிடுங்கள். இணைப்பதற்கு முன்பே சுவர் மின்னேற்றியில் வைத்து மின்கலத்தை நிரப்பிக்கொள்வது மிக நல்லது. இத்தனை ஆண்டுகள் கடந்த மின்கலம் பெரும்பாலும் சோர்ந்துபோயிருக்கும். பின்பக்க உலோக மூடி புடைத்திருந்தால் மட்டும் மின்னேற்றாமல் முதலில் இங்கே தெரிவியுங்கள். அது வீங்கிய லித்தியம் மின்கலத்தின் அறிகுறி.

30 முனை கொண்ட அந்த அகலமான இணைப்பியையும் பாருங்கள். நம் பக்கத்துப் புழுதி பெட்டிக்குள் வைத்த பொருளையும் விடுவதில்லை. கருவியை அணைத்துவிட்டு, காய்ந்த மென்மையான தூரிகையால் துளையைத் துடைத்தாலே பல சமயம் தொடர்பு உறுதிப்பட்டுவிடும். ஊசியை உள்ளே விடாதீர்கள். முனைகள் வளைந்தால் தனி வேலை.

சுழலும் தட்டுக்கு வெப்பம் ஆகாது. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குங்கள். மேசைமேல் அசையாமல் வைத்து, மின்விசிறியின் காற்று படும்படி விடுங்கள். இணையத்தில் சிலர் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கச் சொல்வார்கள். உள்ளே ஈரம் படிந்து தட்டையே கெடுத்துவிடும் அந்த யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.

ஐபாட் இணைந்தும் எக்ஸ்ப்ளோரரில் தெரியவில்லையென்றால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வட்டுக்கும் விண்டோஸ் E, F என்பது போல ஓர் எழுத்தைக் கொடுக்கும். நினைவட்டைப் படிப்பானோ வலையமைப்பு டிரைவோ ஐபாடுக்கு உரிய அதே எழுத்தைப் பிடித்துவைத்திருக்கக்கூடும். ஐபாடுக்கு வேறு எழுத்தை ஒதுக்கினால் தெரியத் தொடங்கும். அங்கே எழுத்தை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, ஒலிநாடாக்களை நானும் கணினிக்கு மாற்றி வருகிறேன் என்பதால் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பச்சி அந்தப் பதிவுகளை எந்த வடிவத்தில் வைத்திருந்தார்? ஒலிநாடாவில் இருந்து நேரே பதிந்தவர்கள் பெரும்பாலும் வேவ் கோப்புகளாகவே விட்டுவிடுவார்கள். அதன் தரம் குறையாது. குறுவட்டின் தரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும், 60 நிமிட நாடா ஒன்று 600 எம்பி அளவுக்கு வரும்.

கவலை அளவைப் பற்றியதன்று. எம்பி3 கோப்பில் பெயரை மாற்றினால் ஐடியூன்ஸ் அதைக் கோப்பினுள்ளேயே எழுதும். வேவ் கோப்பில் அவ்வாறு எழுதாது. “அப்பத்தா தாலாட்டு, தம்பி பிறந்தபோது” என்று உங்கள் அப்பச்சி பெயரிட்டிருந்தால், அந்தப் பெயர் பழைய கணினியின் நூலகத்திலும் ஐபாடின் ஐடியூன்ஸ்டிபி கோப்பிலும் மட்டுமே இருக்கும். நீங்கள் கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டால் குரல்கள் கிடைக்கும். யார் பாடியது, எப்போது பாடியது என்பது தெரியாமல் போகும். பாடியவர்களை அடையாளம் காணக்கூடிய பெரியவர்கள் நம் வீடுகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள். எனக்கு இது கோப்பைவிடக் குறைந்த இழப்பாகத் தோன்றவில்லை.

வழி இருக்கிறது. உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, மடிக்கணினியில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கலாம். அதில் உள்ள ரிதம்பாக்ஸ் என்ற இசைச் செயலி ஐபாடின் ஐடியூன்ஸ்டிபியைப் படித்து, நீங்கள் கருவியின் திரையில் பார்க்கும் அதே பெயர்களையும் வரிசைகளையும் காட்டும். அங்கிருந்து குடும்பப் பதிவுகளை மட்டும் முதலில் தேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். தட்டு சோர்ந்திருக்கும் நிலையில் திரைப்பாடல்களுக்கு அதை உழைக்கவிடாமல், முதலில் தாலாட்டை எடுங்கள். ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருக்கவும் நேராது.

எடுத்த வேவ் கோப்புகளை ஆப்பிள் லாஸ்லெஸ் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒலியில் ஒரு துளியும் குறையாது, இடமும் மிச்சப்படும், பெயரும் கோப்பினுள்ளேயே தங்கும். ஐபாடும் அதை இயக்கும்.

தேவகோட்டை வளவு

மூவருக்கும் நன்றி. ஆச்சி சொன்னது முற்றிலும் சரி. குடும்பப் பதிவுகள் எல்லாம் வேவ் கோப்புகளே. பின்மூடி புடைக்கவில்லை. துளையைத் துடைத்து, ஹப்பை விட்டு நேரடியாக இணைத்த பிறகு தொடர்பு ஒருமுறைகூட அறவில்லை. டிஸ்க் மோடில் வைத்து, ஐடியூன்ஸ்டிபி இருக்கும் சிறு கோப்புறையை முதலில் படியெடுத்தேன். பிறகு உபுண்டுவில் ரிதம்பாக்ஸைத் திறந்தபோது, அப்பச்சி இட்ட பெயர்கள் அப்படியே வரிசையாக வந்தன. தாலாட்டுகள் அனைத்தும் முழுமையாகக் கிடைத்துவிட்டன. நோன்புப் பாடல்களும் கிடைத்தன. காவடிப் பாடல்களில் சில மட்டும் படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டன. அவற்றை மீட்க இன்னும் ஏதாவது செய்யலாமா? ஐடியூன்ஸில் பாடல் பகுதி காணாமல் போனதற்கான காரணத்தையும் யாராவது சொன்னால் நல்லது.

காரைக்குடி கணினிப்பட்டறை

மிக்க மகிழ்ச்சி. எடுத்தவற்றை இன்றே வேறொரு வெளி வன்தட்டிலும் ஒரு படி வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே மேசையில் இருக்க வேண்டாம், ஒன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

நின்றுபோன கோப்புகளுக்கு, கருவி நன்றாக ஆறிய பிறகு, உபுண்டுவிலேயே டிடிரெஸ்க்யூ என்ற கருவியை நிறுவி, ஐபாடின் தட்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுங்கள். எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வருவது அதன் முறை. எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நிறுத்திவிட்டு மறுநாளும் தொடரலாம். வேவ் கோப்பு சுருக்கப்படாதது என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். நடுவில் சில பகுதிகள் கிடைக்காவிட்டாலும் அந்த இடத்தில் மட்டும் ஒலி அறும்; முன்னும் பின்னும் பாடல் கேட்கும். பிம்பத்தை எழுதும் வட்டில் 160 ஜிபிக்கு மேல் காலியிடம் இருக்க வேண்டும். எந்தத் தட்டிலிருந்து எந்தத் தட்டுக்கு என்பதை இருமுறை சரிபார்த்த பிறகே ஆணையைச் செலுத்துங்கள்.

ஐடியூன்ஸைப் பொறுத்தவரை, அது பழுதன்று. 2024-இல் விண்டோஸுக்கு ஆப்பிள் மியூசிக், ஆப்பிள் டிவைசஸ் செயலிகள் வந்த பிறகு, ஆப்பிள் மியூசிக் நிறுவப்பட்ட கணினியில் ஐடியூன்ஸ் பாட்காஸ்ட்டுக்கும் ஒலிநூலுக்கும் மட்டுமே பயன்படும். பழைய முறையே வசதி என்று தோன்றினால் புதிய செயலிகளை நீக்கிவிடுங்கள். பாடல் பகுதி ஐடியூன்ஸுக்குத் திரும்பிவிடும். பிறகு, சேர்க்கும் கோப்புகளை ஐடியூன்ஸ் மீடியா கோப்புறைக்குப் படியெடுக்கும் அமைப்பை அட்வான்ஸ்ட் பகுதியில் இயக்கிவிட்டு, மீட்ட பாடல்களை நூலகத்தில் சேருங்கள். அந்த அமைப்பு இல்லாவிட்டால் நூலகம் கோப்பு இருந்த இடத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். கோப்புறையை நகர்த்தினால் பாடலின் பக்கத்தில் ஆச்சரியக்குறி தோன்றும்.

டிடிரெஸ்க்யூ வேலை முடியும்வரை ஐபாடில் எதையும் எழுதாதீர்கள், ஒத்திசைக்கவும் வேண்டாம். பிம்பம் கைக்கு வந்த பின் இங்கே எழுதுங்கள். அதை உபுண்டுவில் படிக்க மட்டும் ஏற்றி, காவடிப் பாடல்களைப் பிரித்தெடுக்கும் ஆணையை எழுதித் தருகிறேன்.