மழை இறக்கிவிட்ட குருவி

கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இத்தனை வருடத்தில், மே மாதம் என்றால் எனக்குப் புல்லு வெட்டத் தொடங்கும் மாதம், அவ்வளவுதான். போன வருடம் மனிசி ஒரு தோடம்பழத்தைப் பாதியாக வெட்டிப் பின்வளவு வேலி ஆணியில் குத்தி வைத்தா. ஓரியோல் என்ற குருவி வருமாம். முதல் பாதியை அணில் கொண்டுபோய்விட்டது. மூன்றாம் நாள் குசினி யன்னலால் பார்க்கிறேன்: கறுத்தத் தலை, செம்மஞ்சள் வயிறு, பழத்துக்குள் அலகை விட்டுச் சுளையைக் குடைந்துகொண்டு நிற்கிறது. எனக்குக் குருவி பார்க்கிற விசர் பிடித்தது அன்றைக்குத்தான்.

சரி, ஓரியோல் லேசு. வார்ப்ளர் என்ற சின்னக் குருவிதான் ஆளைக் கொல்லும். பத்துக் கிராம் அளவுதான் இருக்கும். பிளாக்பர்னியன் வார்ப்ளர் குளிர்காலத்தைத் தென்னமெரிக்காவில் அண்டீஸ் மலைப்பக்கம் கழித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து வந்து, விடிய எங்கள் மரங்களில் இறங்கிப் புழு தேடும். ஆனால் நிற்பது மர உச்சியில். றூஜ் காட்டுக்குள் ஒரு கிழமை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து நோதான் மிச்சம். பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்குள் அது அடுத்த கொப்புக்குப் போயிருக்கும்.

ஃபோனில், சத்தத்தை வைத்துக் குருவியைச் சொல்லும் மெர்லின் செயலி அதன் பெயரைக் காட்டிக்கொண்டே இருந்தது. "கேக்குதே அப்பா, கடைசியில கீச்செண்டு மேல போகுது" என்றாள் மகள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கடைசிச் சத்தம் மிக உச்சமானது. வயது போன காதுகள் பலவற்றுக்கு எட்டாது.

பிறகு ஒரு நாள், இரவு முழுக்கத் தெற்குக் காற்று, விடியப்புறம் மழை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் தயவுசெய்து போர்த்துக்கொண்டு படுக்காதீர்கள். பறந்து வந்ததுகளை மழை கீழே இறக்கிவிடும். எனக்கு அப்போது அது தெரியாது. தூறலுக்குள் குப்பைவாளியை வீதிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வேலியோரச் சீடர் செடியில், என் முழங்கால் உயரத்தில், ஊதிவிட்ட தணல் மாதிரி ஒரு தொண்டை. அதே பிளாக்பர்னியன். நனைந்த பூச்சி ஒன்றைக் கொத்தி விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது. பைனாகுலரும் ஃபோனும் வீட்டுக்குள். வாளியின் பிடியை விடவும் பயம்.

அது பாடத் தொடங்கியது. மெல்லிய சீப், சீப் என்று நாலைந்து கேட்டது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. அலகு மட்டும் இன்னும் திறந்தபடி, தொண்டை துடித்துக்கொண்டே இருந்தது.