கிணற்றில் புளித்த வாடை, மாடியில் கேமரா: யார் பக்கம் நியாயம்?

அருமனைக்காரன்:
பக்கத்து விளையில் (தோட்டத்தில்) ரப்பர் பால் உறைய வைத்து ஷீட் அடிக்கிற ஆசிட் தண்ணீர், என் கிணற்றை ஒட்டிய குழியில்தான் விழுகிறது. ஒரு வருடமாகக் கிணற்றில் புளித்த வாடை. குடத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே வெள்ளையாக ஏடு கட்டுகிறது. கேட்டால், "அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான்" என்கிறார். ஆதாரத்துக்கு மாடியில் கேமரா வைத்தேன். இப்போது என்மேல் போலீசில் புகார் கொடுப்பாராம். என் கிணற்றைக் காக்க எனக்கு உரிமை இல்லையா?

திருவட்டார் அக்கா:
கிணறு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் தம்பி. ஆனால் கேமரா எதைப் பார்க்கிறது? குழியையா, அவர்கள் பின்வாசலையா?

அருமனைக்காரன்:
குழிதான் அக்கா. ஓரத்தில் பின்வாசலும் விழும். தப்பான எண்ணம் எதுவும் இல்லை.

திருவட்டார் அக்கா:
அங்கே நிற்கிற பெண்ணுக்கு உங்கள் எண்ணம் எப்படித் தெரியும்? நம் பக்கத்தில் குளிக்கிற இடம் பாதி வீட்டுக்குப் பின்னால்தான், ஓலையோ தகரமோ மறைப்பு. பக்கத்து வீட்டுக் கேமராவுக்குப் பயந்து ஆறு மாதம் இருட்டிய பிறகே துணி துவைத்தவள் நான். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒன்றாகச் சொன்னார்கள். பெண் குளிப்பது படத்தில் விழுந்து, வேண்டுமென்றே எடுத்தது என்று ஆனால், பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஓராண்டுக்குக் குறையாத சிறை.

குலசேகரம் தோட்டக்காரர்:
ரப்பர்காரரையும் நினைத்துப் பாருங்கள். ஷீட் அடிக்காமல் வெட்டின பாலை என்ன செய்வார்? அந்த ஆசிட் தண்ணீரை 20 வருடம் தடையில்லாமல் விட்டுவந்தால் அது அவருக்கு உரிமையாகிவிடும்.

குழித்துறை வக்கீல்:
அது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் நிலத்தின்மேல் ஒருவருக்கு உள்ள உரிமை பற்றியது), 15ஆம் பிரிவு. நீங்கள் பாதிதான் சொன்னீர்கள். தண்ணீரைக் கெடுக்கிற விஷயத்தில் அந்த 20 வருடம் குழி வெட்டிய நாளிலிருந்து ஓடாது, கேடு முதலில் தெரிய வந்த நாளிலிருந்துதான். இவருக்கு வாடை வந்தே ஒரு வருடம். மண்ணில் ஊறி வருகிற தண்ணீரையும் அளவுமீறிக் கெடுக்கக் கூடாது என்று 7ஆம் பிரிவின் உதாரணமே சொல்கிறது.

அப்புறம் தம்பி, ஒரு வீட்டுக் கிணறு மட்டும் கெட்டால் அது பொதுத்தொல்லை, அதாவது ஊருக்கே ஆன தொல்லை, ஆகாது. அதனால் நீங்களே வழக்குப் போட வேண்டும். முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டு, வக்கீல் கமிஷனரையும் நியமிக்கச் சொல்லுங்கள். அவர் நேரில் வந்து குழியையும் கிணற்றையும் பார்த்து அறிக்கை கொடுப்பார். தண்ணீரை இப்போதே ஆய்வகத்தில் கொடுத்து வையுங்கள். இதற்கெல்லாம் கேமரா எதற்கு?

குலசேகரம் தோட்டக்காரர்:
சரி, 20 வருடக் கணக்கு எனக்குத் தப்பிவிட்டது. ஆனாலும் கேஸ் என்று போனால் வேலிக்கு இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும். குழியைக் கீழ்ப்பக்கம் தள்ளி வெட்டச் சொல்லி முதலில் கேளுங்கள்.

அருமனைக்காரன்:
சாயங்காலம் கேமராவைக் கழற்றிவிட்டு, அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியும் வந்தேன். குழி பற்றி அவர் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறேன்.