புதுப்பிப்பு: உள்ளீடு வைத்துச் சுருட்டிய பன்றி இறைச்சி

சுருட்டிய பன்றி இறைச்சியைத் தணலில் வாட்டினால் வெளிப்புறம் கருகி நடுப்பகுதி வேகாமல் நிற்பதேன் என்று முன்பு கேட்டிருந்தேன். மறுமொழி தந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மட்டக்களப்பில் எங்கள் வீட்டு நத்தார் விருந்துக்கு அதைச் சரியாகச் செய்து முடித்தோம்.

கொழுப்பு நேரே தணலில் சொட்டும்போதுதான் தீ மேலெழுந்து தோலைக் கருக்குகிறது என்பதால், சிரட்டைக் கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து மூடி, பொறுமையாக வேகவிட்டோம். போறணை உள்ளவர்கள் 180 பாகை செல்சியசில் வைத்தால் போதும்.

இறைச்சியை ஒரே கனத்தில் விரித்துத் தட்டி, வறுத்த கஜு, வதக்கிய வெங்காயம், பாண் தூள், மிளகு ஆகியவற்றை விளிம்பில் இடம்விட்டுப் பரப்பிச் சுருட்டி, பருத்தி நூலால் இரண்டு விரல் இடைவெளியில் கட்ட வேண்டும். கஜுவை வறுக்காமல் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது நமத்துவிடும்.

முழு இறைச்சித் துண்டுக்கு 63 பாகையும் இறக்கியபின் 3 நிமிடம் ஆறவிடுவதும் போதுமாயினும், பச்சை இறைச்சியின் சாறு உள்ளீட்டில் ஊறுவதால், வெப்பமானி நடுவில் 74 பாகை காட்டும்வரை இறக்கக் கூடாது. இறக்கியபின் கால் மணி நேரம் ஆறவிட்டு நூலை அறுத்தால், துண்டுகள் பிரியாமல் வட்டமாக வரும்.