நேரில் கேட்கக் கொடுத்துவைக்காத வித்வான்கள்: ரெக்கார்டை எப்படிப் போட்டுக் கேட்பது?

அகழிக்கரை (கேள்வி)

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி ஹாலில், மாதம் ஒரு மாலை, இருபத்தைந்து பேர் உட்கார்ந்து பழைய ரெக்கார்டு கேட்கிற ஏற்பாடு. முதல் வரிசை "நேரில் கேட்கக் கிடைக்காதவர்கள்". இதுவரை போட்ட பட்டியல்: வேலூர் ராமபத்ரன் (மிருதங்கம்), திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (நாயனம், அதாவது நாதஸ்வரம்), எஸ்.ஜி. கிட்டப்பா (நாடகப் பாட்டு), வீணை தனம்மாள், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (வாய்ப்பாட்டு).

சிக்கல்கள் மூன்று. இணையத்தில் ஒரே ரெக்கார்டு இரண்டு சுருதியில் கிடைக்கிறது, எது சரி? வாலாஜாவில் ஒரு பழைய வீட்டிலிருந்து முப்பது '78' தட்டு (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய கிராமபோன் தட்டு) வந்திருக்கிறது, எல்.பி. பிளேயரில் 78 பொத்தான் இருக்கிறது, போடலாமா? மூன்றாவது, ராமபத்ரன் வாசிப்பைக் கேட்ட இளவட்டங்கள் "சும்மா தட்டிக்கிட்டு இருக்கார்" என்கிறார்கள். எதைக் கவனிக்கச் சொல்வது?

கர்நாடக சங்கீதத்துக்கு வெளியே நம்ம வட ஆற்காட்டுப் பக்கத்து ஆட்கள் யாரையாவது சேர்க்கலாமா என்றும் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி

தட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கெட்டுப்போனால் திரும்ப வராதது அதுதான்.

பொத்தான் இருந்தால் போதாது, ஊசியை மாற்ற வேண்டும். எல்.பி. ஊசியின் முனை ஒரு மில்லுக்கும் குறைவு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்). 78 தட்டுக்கு சுமார் மூன்று மில் முனை வேண்டும். பாட்டு இருப்பது பள்ளத்தின் பக்கச் சுவரில். சின்ன ஊசி நேரே அடியில் போய் உட்கார்ந்து, அங்கே தேங்கிய அழுக்கையும் அந்தக் காலத்து எஃகு ஊசி போட்ட கீறலையும் படித்துக்கொண்டிருக்கும். "பழைய தட்டு, இரைச்சல்தான் வரும்" என்று பலர் கைவிட்டதற்குப் பாதிக் காரணம் தவறான ஊசி. சாவி கொடுத்துச் சுற்றுகிற கிராமபோனில் போடுவதானால் ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு ஊசி, அடுத்த பக்கத்துக்குப் புதுசு. அபூர்வமான தட்டை அதில் போடவே வேண்டாம். அந்தத் தலையின் கனம் ஒவ்வொரு சுற்றிலும் சுவரைத் தேய்க்கும்.

இவை அரக்குத் தட்டுகள். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக்கூடாது, அரக்கு கரையும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு மிருதுவான சோப்பு, மெல்லிய துணி, பள்ளம் போகிற வட்டத்திலேயே துடைப்பு. நடுவிலுள்ள லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். அடுக்கும்போது புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். வேலூர் மே மாத வெயிலில் ஜன்னலோரம் சாய்த்து வைத்த தட்டு வளையும், படுக்கப் போட்டு அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும்.

இனி சுருதி. 78 என்பது பின்னால் நிலைபெற்ற எண். முந்தைய காலத் தட்டுகள் அதற்குக் கூடவும் குறையவும் வெட்டப்பட்டன. 74-இல் வெட்டியதை 78-இல் சுற்றினால் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறும், ஏறத்தாழ அரைக்கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு). நீங்கள் பார்க்கிற இரண்டு சுருதிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சரிசெய்ய ஆடாசிட்டி என்கிற ஒலித் திருத்த மென்பொருளில் "சேஞ்ச் ஸ்பீடு" மட்டும் பயன்படுத்துங்கள். 78-லிருந்து 74-க்கு இறக்க மைனஸ் 5.1 சதவீதம். "சேஞ்ச் பிட்ச்" போட்டால் சுருதி இறங்கும், காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) இறங்காது. தவறு பாதி மட்டும் திருந்தி நிற்கும்.

எதை வைத்து முடிவு செய்வது? லேபிளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே பொறித்திருக்கிற எண்ணைப் பாருங்கள். அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் ஒரே நாள் பதிவு. அவற்றுக்குள் சுருதி ஒத்துப்போக வேண்டும். பிறகு காது: கமகம் (ஸ்வரத்தின் அசைவு) ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி நடுங்கினால் வேகம் அதிகம், மிருதங்கத்துச் சாப்பு (கணீரென்ற ஓர் அடி) மந்தமாக விழுந்தால் குறைவு.

கிட்டப்பாவிடம் மட்டும் கை வைக்காதீர்கள். "ஆண் குரல் இவ்வளவு மேலே போகாது" என்று இரண்டரைக் கட்டைக்கு இறக்கிவிட்ட கோப்புகள் கிடைக்கின்றன. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டிய குரல் அது. அவர் 1906-இல் பிறந்து 1933-இல் போய்விட்டார். இருபத்தேழு வயது. அந்த உச்ச சுருதியை இறக்கினால் அவரையே இறக்கியதாகிவிடும்.

ராமபத்ரன் கச்சேரிகள் டேப் பதிவுகள் என்பதால் அவற்றுக்கு வேறு சூத்திரம் உண்டு. ஸ்பெக்ட்ரம் படத்தில் மின்சார முணுமுணுப்பு தெரியும். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 52-இல் நின்றால் டேப் நான்கு சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. 50-இலும் 52-இலும் இரண்டு கோடு தெரிந்தால், 50 என்பது பிற்பாடு பிரதி எடுத்தபோது சேர்ந்தது. 52-ஐ வைத்துத் திருத்துங்கள்.

இரைச்சல் நீக்கத்தை 6 டெசிபெல்லோடு நிறுத்துங்கள். மேலே போனால் முதலில் சாவது தம்புரா, அடுத்தது மிருதங்கத்தின் மீட்டு (விரலால் மீட்டி எழுப்புகிற நாதம்).

இடந்தலை

"சும்மா தட்டிக்கிட்டு இருக்கார்" என்றார்களா? செல்போனில் கேட்டிருப்பார்கள். ராமபத்ரன் வாசிப்பில் பாதி தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறது. செல்போன் ஸ்பீக்கரில் தொப்பியின் அடிநாதம் வரவே வராது, வலந்தலையின் (வலப்பக்கத்தின்) "நம், தின்" மட்டும்தான் மிஞ்சும். அதை மட்டும் கேட்டால் யாருக்கும் சாதாரணமாகத்தான் தோன்றும். ஹாலுக்கு எட்டு அங்குல வூஃபர் உள்ள ஸ்பீக்கர் இரண்டு வையுங்கள், தரையில் நேரடியாக வேண்டாம், மூலையில் ஒட்டவும் வேண்டாம். மூலையில் வைத்தால் கும்கி (தொப்பியில் வழுக்கி எழுகிற அடிநாதம்) எல்லாம் ஒரே "பொம்" ஆகிவிடும்.

தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ரவை காயக் காய நாதம் ஏறும். அதனால் நீண்ட கச்சேரிப் பதிவில் நடுவே ஈரம் தொட்டுச் சரிசெய்வார்கள். முதல் உருப்படியின் தொப்பியும் ஒன்றரை மணி நேரம் கழித்து வருகிற தொப்பியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இளவட்டங்களையே கேட்கச் சொல்லுங்கள். காது தானாக இடப்பக்கம் போய்விடும்.

தனி ஆவர்த்தனத்தை (மிருதங்கம் தனியாக வாசிக்கிற பகுதியை) போட்டுத் தொடங்கினால் அவரைத் தவறவிடுவீர்கள். விளம்ப (மெதுவான) கீர்த்தனை ஒன்றை எடுங்கள், தாளம் போடச் சொல்லுங்கள், பல்லவி முதல் வரி எத்தனை தடவை வருகிறதோ அத்தனை தடவையும் எங்கெங்கே அவர் வாசிக்கவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். பாடகர் வார்த்தையை நீட்டுகிற இடத்தில் கை நிற்கும், வரி முடிந்து மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு கும்கி வரும். சர்வலகுவில் (சிக்கலான கணக்கில்லாத இயல்பான நடையில்) இப்படி இடம் விட்டு வாசிப்பதுதான் கடினம். கணக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அறிமுகத்துக்கு: 1929-இல் பிறந்தவர், தகப்பனார் கோபாலாச்சாரியார் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்கிற கலை) வித்வான், 2004-இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம், மறைவு 2012. அந்தப் பட்டத்தை முதலில் வாங்கிய மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர், 1966-இல். அவர் பிற்காலத்தில் மைக் இல்லாமல்தான் வாசிப்பேன் என்று நின்றவர். மிருதங்கத்தின் அளவை மைக்காரர் தீர்மானிக்கக் கூடாது, கை தீர்மானிக்க வேண்டும் என்கிற கட்சி. ரெக்கார்டில் மிருதங்கம் தூரத்தில் கேட்டால் இதையும் நினைவில் வையுங்கள், மைக் பாடகருக்கு முன்னால்தான் இருந்தது.

சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையை (1898–1975) ராமபத்ரனுக்கு உடனே அடுத்து வைக்கலாம். ராமபத்ரன் அமைதி என்றால் சுப்பிரமணிய பிள்ளை லயப் போர். அவர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் சிஷ்யர். குருவின் குரல் நமக்கு ரெக்கார்டில் இல்லை, சிஷ்யர் வழியாகத்தான் ஊகிக்க வேண்டும். சித்தூரை வெளியூர் என்று யாரும் ஆட்சேபிக்க முடியாது, 1911 வரை அது வட ஆற்காடு ஜில்லா.

அச்சாமரம்

ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பற்றி ஒன்று. ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம் ஓடுகிற பத்தங்குலத் தட்டு எங்கே, ஊர்வலத்தில் மணிக்கணக்கில் நீண்ட தோடி ராகம் எங்கே! தட்டில் நீங்கள் கேட்பது சுருக்கம். ஒரு பக்கம் முடிந்ததும் உடனே பேசத் தொடங்காதீர்கள். மறுபக்கத்தையும் போட்டு, இரண்டுக்கும் நடுவே அவர் எந்த ஸ்வரத்தில் நிறுத்தி எதில் எடுக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்த நாதம் எங்கிருந்து வந்தது என்பது. அதற்கு முன் வழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம், நீளம் குறைவு, நாலு ஐந்து கட்டை சுருதி. (ஆற்காடு–ஆரணி ரோட்டுத் திமிரிக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம், நான் சொல்வது குழலை.) அவர் கீழ் சுருதிக்கு, பாரி நாயனத்துக்கு வந்தார். இரண்டு, இரண்டரைக் கட்டை, நீளம் இரண்டரை அடியைத் தாண்டும். அதில் சுத்த மத்யமம் ('ம' ஸ்வரத்தின் கீழ் வடிவம்) சரியாகப் பேசவில்லை என்பது பெரிய குறை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளைகளின் இடத்தையும் உட்குடைவையும் மாற்றித்தான் அதைத் தீர்த்தார். ஏழு துளை விரலுக்கு, மீதி ஐந்து சுருதியைச் சரிசெய்ய.

கேட்கிறவர்களிடம் ஒரு சீவாளியை (நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற நாக்கை) கையில் கொடுங்கள். கொறுக்கைத் தட்டையில் செய்தது, கெண்டையில் (குழலின் மேல்முனையில் உள்ள சின்ன உலோகக் குழாயில்) செருகுவது. ஈரமில்லாமல் ஊதினால் பேசாது, அதிகம் ஊறினாலும் அடைக்கும். வாசிக்கிறவர் இடையிடையே மாற்றிக்கொள்வதற்குக் காரணம் அதுதான். உதட்டு அழுத்தத்தில் அரை ஸ்வரம் ஏறி இறங்குகிற கருவியில் தோடியின் காந்தாரத்தை அசைத்து நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் புரியும்.

ஸ்பீக்கரை இங்கே தள்ளி வையுங்கள். நாயனமும் தவிலும் வெட்டவெளிக்குச் செய்தவை. அடைத்த ஹாலில் சத்தமாகப் போட்டால் பத்து நிமிஷத்தில் காது களைத்துவிடும். மாடியில்தானே நடத்துகிறீர்கள்? இந்த ஒரு உருப்படிக்கு மட்டும் கதவைத் திறந்து, ஸ்பீக்கரை வெளித் தளத்தில் வைத்து, கூட்டத்தை உள்ளே உட்கார வையுங்கள். ஊர்வலம் தெருமுனையில் வருகிற தூரம் கிடைக்கும்.

படுகளம்

எல்லாரும் செத்துப்போனவங்களையே பேசுறீங்க. வட ஆற்காட்டுக்காரங்க பட்டியல்ல தெருக்கூத்து இல்லன்னா எப்படி?

புரிசை கண்ணப்ப தம்பிரானைச் சேருங்க. செய்யாறு பக்கம் புரிசை, இப்ப திருவண்ணாமலை மாவட்டம், 1989 வரைக்கும் வட ஆற்காடுதான். 2003-ல காலமாயிட்டார். கூத்துல வடக்கத்தி பாணின்னா அந்தப் பரம்பரையச் சொல்லாம இருக்க முடியாது. ஆனா வீடியோ போட்டா கூட்டத்துக்குப் பாதிதான் போய்ச் சேரும். கட்டியக்காரன் (கதையை அறிவிச்சுச் சிரிக்க வைக்கிறவன்) திரைக்கு முன்னாடி வர்றதும், வேஷம் திரைக்குப் பின்னாடியிருந்தே விருத்தம் எடுக்கிறதும் எதிர்ல உக்காந்து கேக்கிற விஷயம்.

அவர் போயிட்டார், கூத்து போகல. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா பகல்ல வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுறது, கடைசில படுகளம் (துரியோதனன் விழுற கட்டம்), தீமிதி. கோடைல நம்ம பக்கம் தேடினா கிடைக்கும். இப்ப ஆடுறவங்களை உருப்படியா பதிவு பண்ணி வையுங்க. இல்லன்னா இருபது வருஷம் கழிச்சு இதே மாதிரி ஒரு கேள்வி வரும்.

பதிவு பண்றதுக்கு: மொதல்ல கூத்து வாத்தியார்கிட்டயும் கோயில் தர்மகர்த்தாகிட்டயும் கேளுங்க. கூம்பு ஸ்பீக்கருக்கு எதிர்ல நிக்காதீங்க, அதுல வர்றது ஏற்கெனவே உடைஞ்ச சத்தம். பின்பாட்டுப் பெஞ்சுக்கு எட்டுப் பத்தடி தள்ளி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டுற மாதிரி மைக். முகவீணை (சின்ன நாயனம் மாதிரி ஊதுகருவி) திடீர்னு உச்சத்துல வெட்டும், அதனால மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாம வெச்சுக்குங்க. செல்போன்ல தானா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி ஓடும், அதை நிறுத்த முடியலன்னா செல்போனே வேணாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோன்னா மணிக்கு ஒரு ஜிபிக்குச் சொச்சம், விடிய விடிய எட்டு மணி நேரத்துக்குச் சுமார் 8.3 ஜிபி. 16 ஜிபி கார்டு, பவர்பேங்க்.

மூணு மணிக்கு மேல பனி இறங்குனா தோல் தளர்ந்து மிருதங்கம் சுருதி இறங்கும், ஆர்மோனியம் இறங்காது. நிறுத்திட்டுச் சேர்த்துக்குவாங்க. அந்த இடத்தை வெட்டிறாதீங்க.

அகழிக்கரை

மிக்க நன்றி. ஊசிக்குச் சொல்லிவிட்டேன். தனம்மாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஃபேன் சத்தத்தில் வீணை கேட்கவே இல்லை, சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து வருகிறது.

சுருதிப்பெட்டி

கூட்டாதீர்கள். வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை வாசித்தது கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த சிலருக்கு. இருபத்தைந்து பேர் ஹாலே அவருக்குப் பெரிது. எட்டுப் பேராகப் பிரித்து, ஒரு சின்ன அறையில், ஒரே ஒரு ஸ்பீக்கரை நடுவில் வைத்து, பேச்சுக் குரலுக்கும் கீழான அளவில் போடுங்கள். அந்தக் காலப் பதிவு ஒரே தடம்தான், இரண்டு ஸ்பீக்கரால் லாபமில்லை.

ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். வேலூரில் சித்திரையில் நிறுத்தினால் கூட்டம் எழுந்து போய்விடும். தனம்மாளை மார்கழிக்குத் தள்ளுங்கள், சித்திரைக்கு நாயனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இடந்தலை

மார்கழி என்றதும் ஒன்று. பத்துப் பேர் சேர்ந்தால் காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து சென்னை மியூசிக் அகாதெமியின் டேக் (TAG) கேட்பு மையத்துக்கு (பழைய பதிவுகளைக் கேட்கிற இடம்) ஒரு நடை போய் வரலாம். போவதற்கு முன் நேரத்தையும் அனுமதி முறையையும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.